பூங்காவிலே ஒரு மேசைப் பணி

பூங்காவில் தொண்டு என்றதும் நம் மாணவியரின் மனக்கண்முன் தோன்றுவன துடைப்பமும் மண்வெட்டியும் மரக்கன்றுமே. ஆனால் எந்தப் பெரிய பூங்காவுக்கும் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே ஒரு மேசையும், ஒரு பதிவேடும், பதில் எழுதப்படாமல் கிடக்கும் கடிதக் கட்டும் உண்டு. அம்மேசையருகே அமர்ந்து ஊதியமின்றி உழைப்போரையும், வாயிலில் நின்று வருவோரிடம் இன்முகத்துடன் பேசுவோரையும் பற்றி இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம். பாழாகிக்கொண்டிருந்த ஒரு பூங்கா, மண்வெட்டிக்கு முன்னே பேனாவின் துணையால் மீளத் தொடங்கிய வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதையே எடுத்துக்கொள்வோம்.

நியூயார்க் மாநகரின் நடுவே இரண்டரை மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்டு பரந்து கிடக்கிறது சென்ட்ரல் பார்க். அதன் பரப்பு 843 ஏக்கர். 1853இல் இந்நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1858இல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்னும் இருவரின் வரைபடம் போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நிலம் வெறும் பாறையும் சதுப்புமாய்க் கிடக்கவில்லை. செனெக்கா கிராமம் என்ற ஊரில் கருப்பின மக்கள் சொந்த வீடும் கோயிலும் கட்டி வாழ்ந்திருந்தனர். பூங்காவுக்காக ஏறத்தாழ 1,600 பேர் தத்தம் இருப்பிடங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. ஏழையின் வீட்டின்மேல் எழுந்த சோலை என்பதையும் நாம் மறத்தலாகாது.

வெளியேறியவர்களுள் கன்னியரும் இருந்தனர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி சபையினர் 1847 முதல் அந்நிலத்தின் வடபகுதிக் குன்றின்மேல் மடமும் பெண்களுக்கான பள்ளியும் நடத்தி வந்தனர். புனித வின்சென்ட் தே பவுல் பெயரால் அது மவுண்ட் செயின்ட் வின்சென்ட் என்று அழைக்கப்பட்டது. 1859இல் அவர்கள் ஹட்சன் ஆற்றங்கரைக்கு இடம் பெயர்ந்தனர். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டபோது பழைய மடம் 1862இல் படைவீரர்களுக்கான மருத்துவமனையாயிற்று. தாங்கள் விட்டுச்சென்ற அதே சுவர்களுக்குள் கன்னியர் செவிலியராகத் திரும்பி வந்து காயம்பட்டோரைப் பேணினர். அக்கட்டடம் 1881இல் தீக்கிரையானது. இச்சபையின் ஞானத்தாயான எலிசபெத் ஆன் சீற்றன் அம்மையாருக்குப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975ஆம் ஆண்டு புனிதர் பட்டம் அளித்தார். அம்மையார் நியூயார்க்கிலேயே பிறந்தவர்.

அதே 1975இல் நியூயார்க் நகராட்சி கடன் சுமையால் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பு நடந்தது. பூங்காவைப் பார்ப்பாரில்லை. இருக்கைகள் உடைந்தன, சுவர்களெல்லாம் கிறுக்கல்கள். யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளத்து வானதூதரை நினைவூட்டும் நீரூற்று ஒன்று அங்கே உண்டு. அதன் நடுவே நிற்கும் வெண்கலச் சிலையை வடித்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி. 1873இல் திறக்கப்பட்ட அந்நீரூற்றும் வறண்டு கிடந்தது. இருட்டிய பின் பூங்காவுக்குள் செல்ல மக்கள் அஞ்சினர். சட்டம் இருந்தது, காவலரும் இருந்தனர். இது என் பூங்கா என்று சொல்ல ஆளில்லை.

அவ்வாண்டில்தான் எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் என்ற பெண்மணி, கோடை விடுமுறையில் இளைஞரைப் பூங்காப் பணியில் ஈடுபடுத்தும் ஒரு சிறு குழுவின் பொறுப்பை ஏற்றார். அவரிடம் பணமில்லை, எழுத்து இருந்தது. 1976இல் நியூயார்க் என்னும் வார இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூங்கா அழிகிறதே என்று புலம்பியதோடு அவர் நிற்கவில்லை. நேரம் தர விரும்புவோர் என்ன செய்யலாம், பணம் தர விரும்புவோர் எதற்குத் தரலாம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். கடிதங்களும் காசோலைகளும் வரத் தொடங்கின. 1979இல் மாநகராட்சி அவரைப் பூங்காவின் நிருவாகியாக நியமித்தது. அப்பதவியை வகித்த முதல்வர் அவரே. 1980இல் பொதுமக்களைக் கொண்ட பூங்காப் பாதுகாப்புக் கழகம் அமைந்தது.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். ஒரு கட்டுரைக்கு விடையாக நூறு கடிதங்கள் வந்தால் அடுத்து நடக்க வேண்டியது என்ன? ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துத் தேதியிட வேண்டும். பெயரையும் விலாசத்தையும் பிழையின்றிப் பதிய வேண்டும். பணத்துக்கு ரசீது அனுப்ப வேண்டும். உழைக்க முன்வந்தவருக்கு எந்த நாள், எந்த வாயில், யாரைக் காண வேண்டும் என்று எழுத வேண்டும். சனிக்கிழமை மட்டுமே வர இயலும் என்று எழுதியவரைச் செவ்வாய்க்கிழமை அழைத்தால் அவர் மறுமுறை வரமாட்டார். பத்து டாலர் அனுப்பிய கிழவிக்கு நன்றிக் கடிதம் போகாவிட்டால் மறு ஆண்டு அவரிடமிருந்து ஒன்றும் வராது. உறையில் தபால்தலை ஒட்டுவதும், தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொல்வதும், கோப்பை அகர வரிசையில் அடுக்குவதும் புகைப்படத்தில் வாரா. மரம் நடுபவருக்கோ படம் உண்டு, பாராட்டும் உண்டு! எனினும் நட்ட மரம் எது, நட்ட நாள் எது, தண்ணீர் ஊற்றும் முறை யாருடையது என்று குறித்து வைப்பார் இல்லையேல், அடுத்த கோடையில் அங்கே நிற்பது குச்சிதான்.

நம் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பலுகச் செய்த நிகழ்ச்சியை லூக்காஸ் எழுதியவாறு மீண்டும் படித்துப் பாருங்கள். மக்களை ஐம்பது ஐம்பது பேராகப் பந்தியமர்த்தும்படி முதலில் சீடர்களுக்குக் கட்டளை பிறக்கிறது. எஞ்சிய துண்டுகள் பன்னிரண்டு கூடை என்ற கணக்கும் இருக்கிறது. புதுமை ஆண்டவருடையது, வரிசைப்படுத்தியதும் எண்ணியதும் சீடர்கள் வேலை.

இனி வாயிலுக்கு வருவோம். பூங்காவின் உள்ளே ஆட்டுப்புல்வெளி என்று பொருள்படும் பதினைந்து ஏக்கர்த் திடல் ஒன்று உள்ளது. 1934 வரை அங்கே உண்மையாகவே ஆடுகள் மேய்ந்தன. ஆடுகளைவிட மனிதக் கால்கள் செய்த கேடு பெரிது. பெருங்கூட்டங்கள் நடந்து நடந்து மண் இறுகியது. இறுகிய மண்ணில் காற்று புகாது, மழைநீரும் இறங்காது; வேர் மூச்சுத் திணறிப் புல் மடியும். 1980 வாக்கில் திடல் முழுவதும் புதுப் புல் பதித்து வேலி அமைத்தார்கள். நேற்றுவரை பந்தாடிய இடத்தில் இன்று வேலி ஏன் என்று மக்கள் கேட்பார்கள் அல்லவா? காவலர் ஊதல் ஊதி விரட்டலாம். அல்லது ஒருவர் நின்று, மேலே நாம் சொன்ன காரணத்தை இரண்டே நிமிடத்தில் எடுத்துரைக்கலாம். விரட்டப்பட்டவர் இரவில் வேலி தாண்டுவார். காரணம் அறிந்தவர் தம் பிள்ளையைத் தாமே தடுப்பார். பூங்காவை மக்களிடம் கொண்டு செல்லும் தொண்டு என்பது பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடம்தான்.

இப்பேச்சுக்கு ஓர் இடமும் வாய்த்தது. 1870 வாக்கில் பூங்காவில் ஒரு பால்மனை கட்டப்பட்டிருந்தது. சாராய ஆலைக் கழிவைத் தின்ற மாடுகளின் நச்சுப்பாலால் நகரக் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், தாய்மார்க்குத் தூய பால் கிடைக்கவென எழுந்த இல்லம் அது. பின்னாளில் வெறும் சாமான் கொட்டகையாகிவிட்ட அதைச் செப்பனிட்டு 1979இல் வரவேற்பு நிலையமாகத் திறந்தனர். தொண்டர்கள் இன்றும் இத்தகைய நிலையங்களில் நின்று வழி சொல்கிறார்கள், வரைபடம் தருகிறார்கள், பயணியரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பல மொழி பேசும் மக்கள் வந்து குவியும் ஊரில், தன் மொழியில் ஒருவர் வணக்கம் சொன்னால் புதிதாய்க் குடிவந்தவருக்கு எத்துணை ஆறுதல்!

இத்தொண்டின்மீது ஒரு வலுவான குறையும் சொல்லப்படுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. சென்ட்ரல் பார்க்கைச் சுற்றிலும் செல்வர் மாளிகைகள். அங்கே நன்கொடைக்கும் ஓய்வு நேரத்துக்கும் பஞ்சமில்லை. 1998இல் நகராட்சி கழகத்துடன் முறையான ஒப்பந்தமே செய்துகொண்டது. பூங்காவின் ஆண்டுச் செலவில் பெரும்பங்கை இன்று கழகமே திரட்டுகிறது. ஏழைகள் வாழும் பகுதிப் பூங்காக்களுக்கு இந்தப் பேறு இல்லை. மேலும், ஊதியம் பெற வேண்டிய ஒருவரின் வேலையைத் தொண்டர் இலவசமாகச் செய்தால் அந்த ஏழையின் அடுப்பு என்னாகும்? தொண்டர் நகராட்சியின் கடமைக்கு மாற்றாக வரலாகாது, அதற்குத் துணையாகவே வர வேண்டும் என்பது எம் கருத்து. வகுப்பில் இதுபற்றி விவாதித்தபோது ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

ஆயினும் மேசைப் பணி செல்வர்க்கு மட்டும் உரியதன்று. அதே நகரில், வறுமையும் இடிபாடும் நிறைந்த பவரி தெருவின் மூலையில் குப்பை மேடாய்க் கிடந்த ஒரு மனையை, லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியப் பெண்மணியும் அவர் தோழரும் 1973இல் துப்புரவு செய்யத் தொடங்கினர். குப்பையை அள்ளியதோடு நில்லாமல் நகராட்சிக்கு முறைப்படி விண்ணப்பமும் எழுதினர். 1974இல் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அம்மனை அவர்களுக்குக் கிடைத்தது. காய்கறிப் பாத்திகள் எழுந்தன. அண்டை அயலார்க்குத் தோட்டக்கலை கற்பிக்கப்பட்டது. மற்றப் பேட்டைகளிலிருந்தும் மக்கள் வந்து விண்ணப்பம் எழுதும் முறையைக்கூடக் கேட்டறிந்து சென்றனர். கிறிஸ்டி அம்மையார் 1985இல் இளவயதிலேயே காலமானார். மறு ஆண்டு அத்தோட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.