செம்பு கலந்து எவ்வளவு நேரமாயிற்று?

அன்புள்ள கண்மணிக்கு,

உன் கடிதமும் அளவீடுகளும் கிடைத்தன. ஹ்யூமிக் அமிலக் கரைசலில் செம்பைக் கலந்து மின்முனையை வைத்தால் மில்லிவோல்ட் எண் இறங்கிக்கொண்டே போகிறது, எந்த எண்ணைக் குறிப்பது என்று கேட்டிருக்கிறாய். ஹ்யூமிக் சேர்க்காத கரைசலில் மின்முனை அசையாமல் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. நின்றால், எல்லா எண்களையும் குறித்துக்கொள் மா. கட்டுறாத செம்பு குறைந்துகொண்டே வருவதைக் காட்டும் அந்த இறக்கம்தான் நீ தேடும் செய்தி.

நீரில் கரைந்த உலோக அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும். அவற்றில் ஒன்று விலகினால்தான் ஹ்யூமிக் போன்ற கரிமப்பொருளுக்கு இடம் கிடைக்கும். 1967-இல் நோபல் பரிசு பெற்ற மான்ஃப்ரெட் ஐகன் விளக்கிய வழி இது. செம்பிடமிருந்து நீர் நொடிக்கு 100 கோடி தடவைக்கும் மேல் விலகும். நிக்கலிடம் சுமார் 30,000 தடவைதான். மூன்று மின்னேற்றமுள்ள குரோமியத்திடம் ஒரு மூலக்கூறு விலகவே நாள்கணக்காகும்.

அப்படியானால் செம்பு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? ஹ்யூமிக் அமிலம் ஒரே வகை மூலக்கூறு இல்லை. பலவீனமான பிடிமானங்கள் அதில் ஏராளம், வலுவானவை சொற்பம். செம்பு கைக்கெட்டியதை முதலில் பற்றிக்கொண்டு, பிறகு மெல்ல வலுவானவற்றுக்கு இடம் மாறுகிறது. அங்கே கால்சியம் முன்பே உட்கார்ந்திருந்தால் அது கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். செறிவும் முக்கியம்: பிடிமானங்கள் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் இருந்தால் நிக்கல் மில்லிநொடிகளில் சேர்ந்துவிடும், நானோமோல் அளவில் அதே வினைக்கு மணிக்கணக்காகும். ஆறுகளில் வலுவான பிடிமானங்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கின்றன.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் மீன்கள். கட்டுறாத செம்பு செவுளில் ஒட்டி, மீன் சோடியத்தை உறிஞ்சுவதைத் தடுக்கும். ஹ்யூமிக்கோடு கட்டுண்ட செம்பு அவ்வளவு தீங்கு செய்யாது. செம்பைக் கலந்த கையோடு மீனை விட்டுச் சோதித்தால், ஒரு நாள் வைத்திருந்த நீரைவிட நச்சு கூடுதலாகத் தெரியும். அதற்காக ஒரு நாள் கழித்து எடுத்த முடிவை மட்டும் நம்பி ‘ஆறு தாங்கும்’ என்று எழுதிவிடாதே. கழிவுநீர்க் குழாயின் வாயருகே நீந்தும் மீனுக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை.

ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில், கலந்து எவ்வளவு நேரமாயிற்று என்று எழுது. அடுத்து நிக்கல் சோதனையைத் தொடங்கும்போது கால்சியம் சேர்த்த குப்பி ஒன்று, சேர்க்காதது ஒன்று வை. இரண்டின் வரைபடங்களையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா