வீட்டு முற்றத்தில் ஓக்கிட் வளர்த்தல்

திருகோணமலை மாவட்டத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்ட ஓக்கிட் செடி ஓராண்டுக்குள் பட்டுப்போகுமாயின், அதற்குரிய காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். வேரை மண்ணுள் புதைத்தல் ஒன்று. உவர்க்கிணற்று நீரை ஊற்றுதல் மற்றொன்று. கச்சான் காற்றுக்கு நேர்முகமாகத் தொங்கவிடுதல் மூன்றாவது. இம்மூன்றையும் தவிர்க்கக் கற்ற கமக்காரர் வீட்டில் இச்செடி பல்லாண்டு பூக்கும்.

ஓக்கிட்டின் இயல்பு

மரக்கிளையில் ஒட்டி வளர்வதைக் கண்டு ஓக்கிட்டையும் குருவிச்சையையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அது தவறு. குருவிச்சை மரத்தினுள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஓக்கிட்டோ மரத்தை இருக்கையாக மாத்திரம் கொள்ளும்; மழைநீரிலும் பட்டையிற் படியும் மக்கிலுமிருந்து தன் உணவைப் பெறும். நெற்பயிர் சேற்றில் நிற்பினும் அதன் தண்டிலுள்ள காற்றறைகள் வேருக்குக் காற்றைக் கொண்டு செல்கின்றன. ஓக்கிட்டிற்கு அவ்வசதி இல்லை. அதன் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்ணிற உறை ஒன்றுண்டு. அது நனைந்தவுடன் நீரை ஏற்றுப் பச்சை நிறமாகும். உலர்ந்தபின் மீண்டும் வெளுக்கும். நீண்டநேரம் ஈரத்தில் மூடிக்கிடப்பின் அழுகும். ஆகவே வயல் மண்ணும் தோட்ட மண்ணும், எவ்வளவு வளமானவையாயினும், இச்செடிக்கு ஆகா.

ஏற்ற இனங்கள்

புதிதாகத் தொடங்குவோர் டென்ட்ரோபியம் கலப்பினங்களில் நான்கைந்து செடிகளோடு தொடங்குதல் நன்று. இவை கரையோர வெப்பத்தைத் தாங்கும். ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் பூக்கும். பலனொப்சிஸ் அழகில் உயர்ந்ததாயினும் கூடிய நிழலும் ஈரக்காற்றும் வேண்டுவது. பழக்கம் ஏற்பட்டபின் அதனை நாடலாம். மே மாதத்தை அண்டிப் பூக்கும் வெசாக் ஓக்கிட் ஈரவலயக் காட்டுக்குரியது. இப்பகுதியில் அதற்கு வாழ்வில்லை. வெயில் மிகுந்த முற்றமுடையோர் வண்டா இனத்தைச் சேர்ந்தவற்றை முயலலாம். 1893ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டு, 1981இல் அந்நாட்டின் தேசிய மலராகத் தெரிவு செய்யப்பட்ட மிஸ் ஜோக்கிம் என்னும் கலப்பினம், திறந்த வெயிலிற் கம்பத்தில் ஏற்றி வளர்க்கப்படுவதாகும்.

சட்டியும் நிரப்பியும்

பக்கங்களிலும் துளையுள்ள சிறிய மட்சட்டி போதும். பெரிய சட்டியிற் சிறிய செடியை வைத்தல் நன்மையன்று. அடியில் ஓட்டுத்துண்டும் செங்கற்றுண்டும் இட்டு, மேலே பெருவிரலளவு மரக்கரி அல்லது சிரட்டைக்கரியை நிரப்புக. பொச்சுத்துண்டு சேர்ப்பின் அதனை நன்னீரிற் சில நாள் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றிக் கழுவுதல் வேண்டும். உவர்நீரிற் கிடந்த பொச்சில் உப்பு மிகுந்திருக்கும். கடற்கரையிற் பொறுக்கிய முருகைக்கல்லும் சிப்பியும் அழகுக்காகவேனும் சேர்க்கப்படலாகா. செடி ஆடாதபடி ஒரு குச்சியிற் கட்டிவிடுக. ஆடும் செடியிற் புதுவேர் பிடிக்காது.

நிழலும் காற்றும்

டென்ட்ரோபியத்துக்கு ஏறத்தாழ அரைப்பங்கு நிழல் தேவை. ஐம்பது வீத நிழல்வலை கட்டலாம். இயலாதோர் கிடுகை இடைவெளிவிட்டுப் பரப்பலாம். முருங்கையின் கீழ் விழும் மென்னிழல் ஏற்றது. மாமரத்தின் அடர்நிழல் ஏற்றதன்று. இலை கரும்பச்சையாய் நீண்டு பூவின்றி நிற்பின் வெளிச்சம் போதாது. இளம்பச்சையாயின் அளவு சரி. மேற்புறத்தில் வெளுத்த தழும்பு தோன்றின் வெயில் மிகுதி.

சிறுபோகக் காலத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் மரக்கறிப் பாத்தியையே வாட்டுவது. அந்தரத்திற் தொங்கும் வேரை அது எளிதில் உலர்த்திவிடும். தென்மேற்குப் பக்கத்திற் கிடுகுத்தட்டி நிறுத்துக. சட்டிகளின் கீழ் மணலைப் பரப்பிக் காலையும் மாலையும் அதனை நனைத்தல் ஈரக்காற்றைத் தரும்.

நீர்

இதுவே இம்மாவட்டத்தில் முதன்மையான பிரச்சினை. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர ஊர்களிற் கிணறுகள் கோடையில் உவராதல் கமக்காரர் அறிந்ததே. ஓக்கிட்டின் வேர் நெல்லைக் காட்டிலும் உப்புக்கு மிக அஞ்சும். எந்தக் கிணற்று நீரைப் பாய்ச்சினாற் போஞ்சியிலை ஓரங்கருகுமோ, அந்நீர் ஓக்கிட்டிற்கு ஆகாது. சட்டியின் விளிம்பில் வெண்பொருக்குப் படிதலும் வேர்நுனி கருகுதலும் உப்பின் அடையாளங்கள்.

இதற்கு மாற்று, மாரிமழையைச் சேமித்தலே. இருபது சட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் எனக் கொண்டால், நான்கு மாதக் கோடைக்கு 600 லீற்றர் வேண்டும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்யின் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். எனவே பத்துச் சதுர மீற்றர் கூரையில் 60 மில்லிமீற்றர் மழையே கணக்குக்குப் போதும். சிந்துவதையும் எண்ணிச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தல் நன்று. மூன்று பீப்பாய்கள் இதனைக் கொள்ளும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பின்னையதைப் பிடிக்க. பீப்பாயின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டாதிருத்தல் பெரும் பிழை. 2017ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பகுதியிற் டெங்குக் காய்ச்சல் பரவியமையை மறத்தற்கில்லை.

காலையில் நீரூற்றுக. வேர் இன்னும் பச்சையாயிருப்பின் அன்று ஊற்றவேண்டியதில்லை.

பசளை

நெல்லுக்கு யூரியா வீசிப் பழகிய கை ஓக்கிட்டிற் சற்றுத் தயங்குதல் வேண்டும். நீரிற் கரையும் கலப்புப் பசளையில், தழை, மணி, சாம்பற் சத்துக்கள் சமமாயுள்ளதை, லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, நனைந்த வேரின்மேல் வாரம் ஒருமுறை தெளித்தல் போதும். மாதம் ஒருமுறை வெறும் மழைநீரால் உப்புக் கழியும்வரை கழுவுக. களைநாசினி அடித்த தெளிகருவியை இதற்கு எடுக்கலாகாது.

மாரிகாலக் காவல்

பெரும்போகத்து அடைமழையில் நீர் வேண்டியதில்லை, காற்றோட்டமே வேண்டும். சட்டிகளை நெருக்கமின்றி வைத்து, தொடர்மழை நாட்களில் மேலே ஒளிபுகு தகடு இடுக. நீர்தோய்ந்த கரும்புள்ளி விழுந்த இலையை வெட்டி எரித்து, வெட்டுவாயிற் கறுவாத்தூள் தடவுக. நத்தையை இரவில் விளக்கொளியிற் பொறுக்குதலே சிறந்த மருந்து. மிளகாயைத் தாக்கும் பனிப்பூச்சி போன்றவை ஓக்கிட் மொட்டையும் தாக்கும். ஆதலின் மிளகாய்ப் பாத்திக்கு அருகிற் செடிகளை வைத்தல் ஆகாது.

காட்டுச் செடியும் நாற்றும்

உலர்வலயக் காட்டு மரங்களில் வண்டா இனத்து ஓக்கிட்டுகள் உண்டு. ஒதுக்குக் காடுகளில் அவற்றை அனுமதியின்றி எடுத்தல் குற்றமாகும். குற்றமென்பது ஒருபுறமிருக்க, கிளையிலிருந்து பிய்க்கும்போது வேர்கள் அறுந்து செடி முற்றத்தில் மெல்ல மடியும். காட்டில் அதன் இடம் எளிதில் நிரம்பாது. ஏனெனில் ஓக்கிட் விதை தூசிபோன்றது, தன்னுள் உணவில்லாதது, ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையின்றி இயற்கையில் முளைக்கமாட்டாது. 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் சீனி கலந்த ஊடகத்திற் பூஞ்சணமின்றி முளைக்கச் செய்து காட்டினார். இன்று ஆய்வுகூடப் போத்தல்களில் நாற்றுக்கள் வளர்க்கப்படுவது அவ்வழியினாலேயாம்.

வீட்டில் விதையை நாடவேண்டியதில்லை. டென்ட்ரோபியத்தின் பழந்தண்டிற் சிலவேளை குஞ்சுச் செடி தோன்றும். அதன் வேர் ஐந்து சென்ரிமீற்றர் நீண்டதும் வெட்டி நடலாம். இலையுதிர்ந்த தண்டை வீணென்று வெட்டுதல் கூடாது. அது செடியின் களஞ்சியம். ஒரு செடியை வெட்டிய கத்தியைத் தீயிற் காட்டியபின்னரே அடுத்த செடியிற் வைக்க. வைரசு நோய்க்கு மருந்தில்லை. அது கத்திவழியே பரவும்.