நழுவிய பந்தும் நடுவர் தீர்ப்பும்

கிரிக்கெட்டில் உயர எழும்பிய பந்தைத் தடுப்பாளர் நழுவவிட்டால் மட்டையாளர் பிழைத்துக்கொள்வார். அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஆடும் பேஸ்பாலிலோ, பந்து தரையில் விழுந்த பின்னும் மட்டையாளர் ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்பளிப்பதுண்டு. காண்போர் திகைப்பர். காரணம் யாது?

முதல் இரு தளங்களிலும் ஓட்டக்காரர்கள் நிற்பதாகக் கொள்வோம். எழும்பிய பந்து பிடிபட்டால் அவர்கள் தத்தம் தளத்தில் இருத்தல் வேண்டும். விழுந்தாலோ அடுத்த தளத்திற்கு ஓடியே தீர வேண்டும். எனவே தயங்கி நிற்பர். அவ்வேளையில் தடுப்பாளர் வேண்டுமென்றே பந்தை விட்டுவிட்டு, மூன்றாம், இரண்டாம் தளங்களுக்கு அனுப்பினால் ஒருவருக்குப் பதில் இருவர் வீழ்வர்! இச்சூழ்ச்சியைத் தடுக்கவே 1890-களில் 'இன்ஃபீல்டு ஃபிளை' விதி பிறந்தது.

இருவர் ஆட்டமிழக்கும் முன், முதல் இரு தளங்களிலோ மூன்றிலுமோ ஆட்கள் நிற்க, உள்தடுப்பாளர் இயல்பான முயற்சியால் பிடிக்கத்தக்க பந்து எல்லைக்குள் எழும்பினால், அது மேலே இருக்கும்போதே நடுவர் விதியை அறிவிப்பார். பிடித்தாலும் விட்டாலும் மட்டையாளர் வெளியேறுவார். மற்றவர்க்கு ஓடும் கட்டாயம் இல்லை. துணிந்து ஓடுபவரை வீழ்த்தத் தளத்தை மிதித்தால் போதாது; பந்தோடு அவரைத் தொட வேண்டும். இதனை மறப்பதே குழப்பத்தின் வேர்.

'இயல்பான முயற்சி' எது? நடுவர் கண்ணே அளவுகோல். 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் நடந்த தொழில்முறை ஆட்டமொன்றில், வெகுதொலைவில் விழுந்த பந்திற்கு நடுவர் இவ்விதியை அறிவித்தார். சினங்கொண்ட ரசிகர்கள் புட்டிகளை வீச, ஆட்டம் 19 நிமிடம் நின்றது!

தவறியதுபோல் நடித்துப் பயன் பெறலாகாது என்பதே இவ்விதியின் உயிர். அதை உணர்ந்தால் தீர்ப்பும் விளங்கும் அன்றோ?