களிமண் யானை உடையாமல் வர... அக்கா சொல்றேன் கேளு!

தங்கச்சி, பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கின களிமண் மிச்சம் இருக்கு, யானை செய்யப்போறேன்னு சொன்னியே, தாராளமா செய். கண்ணு, காது, தும்பிக்கை எல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துடும். பொம்மை சூளையிலிருந்து முழுசா வெளியே வரணும்னா, மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணியை அவசரப்படாம வெளியேத்தத் தெரியணும். கீழே சொல்றது எல்லாமே அதுக்கான வழிதான்.

உட்கார்ந்த மிருகத்துல ஆரம்பி

மான், கொக்கு எல்லாம் இப்ப வேண்டாம். ஒல்லிக் கால் ஈர மண்ணோட எடையைத் தாங்காது. கோயில் நந்தியைப் பாரு, காலை மடக்கி உடம்போட ஒட்டி வெச்சிருக்கும். அதுமாதிரி படுத்த பசு, ஆமை, தவளை, உட்கார்ந்த யானைன்னு தொடங்கு.

மண்ணுல மணல் சேர்

கல், வேர் எல்லாம் பொறுக்கிட்டு நல்லா பிசை. அஞ்சு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலிச்ச ஆத்து மணல் போடலாம். அய்யனார் கோயிலுக்குப் பெரிய குதிரை செய்யுற வேளார்கள் மணலோட வைக்கோல், உமியும் கலப்பாங்க. சுருக்கம் குறையும். தடிமனான இடத்துலேருந்தும் ஈரம் வெளியேற வழி கிடைக்கும்.

வயிறு காலியா இருக்கட்டும்

உருண்டையில கட்டைவிரலை விட்டு, சுத்திச் சுத்தி அழுத்தி ரெண்டு கிண்ணம் செய். ரெண்டையும் வாயோட வாய் வெச்சு மூடினா யானை வயிறு தயார். உள்ளே காத்து அடைபட்டிருக்கிறதால, மரக்கரண்டியால தட்டி உருவம் கொண்டு வரும்போது சப்பையாகாது. சுவர் எங்கேயும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல தடிக்க வேண்டாம். மண் கொஞ்சம் இறுகினதும் வயித்துக்கு அடியில கோணி ஊசியால ஒரு ஓட்டை போட மறக்காதே.

ஒட்ட வெறும் தண்ணி போதாது

அதே மண்ணைத் தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு வெச்சுக்கோ. காது ஒட்டுற இடம், காதோட விளிம்பு ரெண்டையும் முள்கரண்டியால குறுக்கும் நெடுக்குமா கீறி, குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்டு. ரெண்டு பக்கமும் ஒரே ஈரத்துல இருக்கணும். காஞ்ச தலையில ஈரக் காதை ஒட்டினா, காது அப்புறம் சுருங்கும்போது விரிசல் விடும்.

நிக்கிற யானைக்கு முட்டு கொடு

கொஞ்சம் பழகினதும் நிக்கிற மிருகம் செய்யலாம். காலை மட்டும் முதல்ல குழாய் மாதிரி செஞ்சு, இறுக விட்டு, அப்புறம் உடம்பை ஏத்து. வயித்துக்குக் கீழே அதே மண்ணால ஒரு முட்டு வை. உடம்பு சுருங்கும்போது அதுவும் கூடவே சுருங்கும். கட்டையோ செங்கலோ வெச்சா அது சுருங்காது, வயித்துல விரிசல் விழும்.

வெயில்லயும் ஃபேன்லயும் வைக்காதே

காது, வால், தும்பிக்கை நுனி முதல்ல காஞ்சிடும். அதுங்களைப் பிளாஸ்டிக் கவரால மூடி, வயிறு காயுற வரைக்கும் காத்திரு. அடியில நியூஸ் பேப்பர் போட்டா, சுருங்கும்போது தரையைப் பிடிச்சு இழுக்காது. காஞ்சிடுச்சான்னு பார்க்கக் கன்னத்துல வெச்சுப் பாரு. சில்லுனு இருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு.

சூளை

அடைபட்ட காத்துதான் வெடிக்க வைக்கும்னு பலர் சொல்வாங்க. நிஜமான காரணம் மிச்சமிருக்கிற ஈரம். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினா அது ஆவியாகி, வழி கிடைக்காம மண்ணைப் பிளக்கும். அதனால ஆரம்பச் சூடு மெதுவா ஏறணும். 573 டிகிரியில மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் மணல் சட்டுனு விரியும், ஆறும்போது சுருங்கும். அதனால சூளை நல்லா ஆறாம திறக்கக் கூடாது.

வீட்டு கேஸ் அடுப்புலயும் கேக் அவன்லயும் இந்தச் சூடு கிடைக்காது. ஊர்க் களிமண் 900 முதல் 1000 டிகிரிக்குள்ள வெந்துடும். ஸ்டோன்வேர் பாத்திரத்துக்கான 1200 டிகிரிச் சூளையில வெச்சா இது உருகி ஒழுகலாம். மண்பாண்ட ஸ்டுடியோவுல சுடக் கொடுக்கும்போது இது என்ன மண்ணுன்னு சொல்லிடு.

கலர் கடைசியில

அலங்காரத்துக்கு மட்டும்னா, சுட்ட பிறகு அக்ரிலிக் பெயின்ட் போதும். சுடாம கலர் அடிச்சா, ஒரு மழைச் சாரல்ல கரைஞ்சிடும். பளபளன்னு கிளேஸ் போடுறதா இருந்தா, அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால துடைச்சிடு. இல்லேன்னா மறுபடி சுடும்போது சூளைத் தட்டோட ஒட்டிக்கும்.

இன்னொண்ணு. பக்கத்துல வேளார் வீடு இருந்தா, அவங்க சூளை போடுற அன்னிக்கு உன் யானையையும் வெச்சுத் தரச் சொல்லு. எந்த இடத்துல வைக்கணும், எப்ப எடுக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். சின்னப் பொம்மைதானேன்னு சும்மா வாங்கிட்டு வராதே, உரிய கூலியைக் கையில கொடுத்துட்டு வா.