கடல் கடக்கும் வங்கி அட்டை

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் சேவை ஆரம்பமானது. அதற்கு முன்னரே, 2019 இல், பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியிருந்தது. வைத்தியத்துக்காகவும், வேளாங்கண்ணிக்கும், தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிவிட்ட உறவுகளைப் பார்க்கவும் எமது குடும்பங்கள் போய்வருகின்றன. கொண்டுபோவது பெரும்பாலும் மாடு விற்ற காசு, அல்லது நகை அடகு வைத்த காசு. இடம்பெயர்ந்த நாட்களில் மடியில் முடிந்து சுமந்த பணம் இன்று வங்கியில் இருக்கிறது. அதை எடுக்கும் அட்டை கையில் இருக்கிறது. அந்த அட்டையை அந்நிய நாட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்பதே இப்பாடம்.

அட்டை என்பது என்ன?

பற்று அட்டை, அதாவது டெபிட் காட், கடன் அட்டை அல்ல. அது நமது சேமிப்புக் கணக்கின் திறப்பு. நாகபட்டினத்தில் உள்ள ஏ.ரி.எம். இயந்திரத்தில் அட்டையைப் போட்டதும், விசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்பின் ஊடாக இலங்கையிலுள்ள நமது வங்கியிடம் கேள்வி போகிறது. வங்கி சம்மதித்தால் காசு வரும். நமது கணக்கில் அதே அளவு குறையும். ஆகவே அட்டையிலுள்ள அடையாளம் இயந்திரத்திலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புறப்படுமுன்

1. வங்கிக் கிளைக்குப் போய், எந்த நாட்டுக்கு, எத்தனை நாள் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிட்டால்தான் பல வங்கிகளின் அட்டை அங்கே வேலை செய்யும்.
2. ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம், ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு அறவிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
3. அட்டை காலாவதியாகும் மாதத்தைப் பாருங்கள்.
4. அட்டையை நிறுத்தச் சொல்லும் தொலைபேசி இலக்கத்தை 0094 சேர்த்து ஒரு தாளில் எழுதி, அட்டையிலிருந்து வேறாக வையுங்கள்.
5. வங்கியின் குறுஞ்செய்தி நமது இலங்கை சிம்முக்கே வரும். அங்கே வேறு சிம் போட்டாலும் இதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இயந்திரத்தின் முன்னால்

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். சில இயந்திரங்கள், "இந்தத் தொகையை இலங்கை ரூபாவாக மாற்றிக் கணக்கிடவா?" என்று கேட்கும். நமது நாட்டுக் காசு என்பதால் மனம் அதைத்தான் தேடும். ஆனால் அந்த மாற்று விலையில் இயந்திரக்காரரின் இலாபமும் சேர்ந்திருக்கும். உதாரணமாக, ஒரு இந்திய ரூபா மூன்றரை இலங்கை ரூபா என்று வைத்துக்கொள்வோம். 10,000 இந்திய ரூபாவுக்கு 35,000 ரூபா. இயந்திரம் நூற்றுக்கு ஐந்து கூட்டினால் 36,750. ஒரு கையெழுத்துமில்லாமல் 1,750 ரூபா போய்விடுகிறது. மாற்ற வேண்டாம் என்று அழுத்துங்கள். பயப்படத் தேவையில்லை, வேண்டாம் என்றாலும் காசு வரும். கடையில் அட்டை கொடுத்தாலும் இதே விதி: இந்திய ரூபாவிலேயே பற்று வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, அடிக்கடி எடுக்காதிருத்தல். ஒரு தடவைக்கு 500 இலங்கை ரூபா அறவிடுகிறார்கள் என்றால், ஐந்து தடவை சிறிது சிறிதாக எடுப்பவருக்கு 2,500 போகும். ஒரே தடவையில் எடுப்பவருக்கு 500. எடுத்த பணத்தை ஒரே பையில் வையாமல், கூடப் போகிறவர்களிடையே பிரித்து வையுங்கள்.

இரகசிய இலக்கத்தை அழுத்தும்போது மறுகையால் மூடுங்கள். உதவி செய்ய முன்வரும் அந்நியரிடம் அட்டையைக் கொடுக்க வேண்டாம். இலக்கத்தை மாறி மாறி அழுத்தினால் அட்டை முடங்கிவிடும். காசு வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால், சிட்டையை வைத்துக்கொண்டு, இடத்தையும் நேரத்தையும் குறித்து, உடனே நமது வங்கிக்கு அறிவியுங்கள்.

அட்டையை மட்டும் நம்பலாமா?

2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கணக்கில் இருந்த தொகை அப்படியே இருந்தது. கடலுக்கு அப்பால் அதன் பெறுமதி சுருங்கியது. ஆகவே வைத்தியச் செலவைக் கணக்கிடும்போது கொஞ்சம் கூட்டியே கணக்கிடுங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்தில் சிறு தொகை டொலர் வாங்கி, பற்றுச்சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் இருவருக்கு வெவ்வேறு கணக்கில் அட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று தொலைந்தாலும் நோயாளியோடு தெருவில் நிற்க வேண்டி வராது.

விதைநெல் முழுவதையும் ஒரே வயலில் நாம் விதைப்பதில்லை. பயணக் காசுக்கும் அந்தப் புத்தியே போதும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் எத்தனை பேரின் இரகசிய இலக்கம் வேறொருவர் கையில் இருக்கிறது? ஏன்?
2. எழுத வாசிக்கத் தெரியாத முதியவர் தனியே பயணம் போவதானால், சங்கம் அவருக்கு என்ன ஆயத்தம் செய்து கொடுக்கலாம்?
3. போய்வந்தவர்கள் செலுத்திய கட்டணங்களை ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வங்கி குறைவாக எடுக்கிறது?