புல்லா, பிளாஸ்டிக்கா?

கால்பந்து மைதானம் பெரியது. நீளம் 105 மீட்டர். அகலம் 68 மீட்டர். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேல் என்று இருக்கும். சில மைதானங்களில் அது உண்மையான புல். சில மைதானங்களில் அது பிளாஸ்டிக்.

இரண்டில் எது நல்லது?

உயிருள்ள புல்

மைதானத்துப் புல்லும் ஒரு பயிர்தான். அதற்கு வெயில் வேண்டும். தண்ணீர் வேண்டும். உரம் வேண்டும். களை எடுக்க வேண்டும். அடிக்கடி வெட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும். நாள் முழுவதும் ஆட்டம் நடந்தால் புல் தேய்ந்து போகும். மழையில் ஆடினால் சேறாகும். ஆகவே அதற்கு ஓய்வும் தேவை.

ஆனால் புல் தரை மெத்தென்று இருக்கும். விழுந்தால் அடி குறையும். புல் தன்னிடம் உள்ள நீரை ஆவியாக வெளியிடும். அதனால் தரை அதிகம் சூடாகாது. தேய்ந்த இடத்தில் மீண்டும் துளிர்க்கும். வெப்பமான நாடுகளில் பல மைதானங்களில் வளர்ப்பது அருகம்புல் வகைதான்.

பிளாஸ்டிக் புல்

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட விளையாட்டு அரங்கம் ஒன்று உண்டு. கூரைக்குக் கீழே போதிய வெயில் இல்லை. புல் செத்துப் போனது. 1966ஆம் ஆண்டு அங்கே செயற்கைப் புல் விரித்தார்கள். பிறகு அது திறந்தவெளி மைதானங்களுக்கும் பரவியது.

பிளாஸ்டிக் இழைகளை ஒரு விரிப்பில் புல்போலத் தைக்கிறார்கள். இழைகளுக்கு இடையே மணலும் ரப்பர் துகளும் நிரப்புகிறார்கள். பழைய டயர்களை அரைத்தும் இந்தத் துகள் செய்வது உண்டு.

இதனால் நன்மை உண்டு. மழை பெய்தாலும் சேறாகாது. காலை முதல் இரவு வரை பலர் ஆடலாம். வெட்டும் வேலை இல்லை.

தீமையும் உண்டு. வெயிலில் பிளாஸ்டிக் கொதிக்கும். சில இடங்களில் தரையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. சறுக்கி விழுந்தால் தோல் உரியும். ரப்பர் துகள்கள் காற்றிலும் மழைநீரிலும் வெளியேறி மண்ணில் கலக்கும். அவை மக்குவதில்லை. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்துகள்களின் விற்பனையை எட்டு ஆண்டுகளில் நிறுத்தச் சட்டம் செய்தது. விரிப்பும் சில ஆண்டுகளில் தேய்ந்து குப்பையாகும்.

வீராங்கனைகள் கொடுத்த புகார்

2015ஆம் ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைப் போட்டி கனடாவில் நடக்க இருந்தது. 24 அணிகள். ஆறு நகரங்கள். எல்லா மைதானங்களிலும் செயற்கைப் புல்தான் என்று முடிவானது.

வீராங்கனைகள் இதை ஏற்கவில்லை. ஆண்கள் உலகக் கோப்பை ஒருபோதும் செயற்கைத் தரையில் நடந்ததில்லை. அப்படியானால் பெண்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தரை? இதுதான் அவர்கள் கேள்வி. பல நாட்டு வீராங்கனைகள் ஒன்று சேர்ந்தார்கள். 2014 அக்டோபரில் கனடாவில் உள்ள ஒரு மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள்.

போட்டி நெருங்கியது. தரை மாறவில்லை. 2015 ஜனவரியில் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். செயற்கைப் புல்லிலேயே ஆடினார்கள். வான்கூவர் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா ஜப்பானை 5-2 என்று வென்றது.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி உலகெங்கும் பேசப்பட்டது. 2023இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. அப்போது எல்லா மைதானங்களிலும் இயற்கைப் புல் இருந்தது.

2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கும் அதே வான்கூவர் அரங்கம் தேர்வானது. இந்தப் போட்டிக்கு எல்லா அரங்கங்களிலும் இயற்கைப் புல் வேண்டும் என்பது விதி. பெண்களுக்கு முடியாது என்று சொன்ன இடத்தில் ஆண்களுக்கு முடிந்தது!

நம் நாட்டில்

கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம் மிகப் பெரியது. அங்கும் செயற்கைப் புல் இருந்தது. 2011இல் அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் அதன் மேல் ஆடின. 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை 2017இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்காகச் செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு இயற்கைப் புல் வளர்த்தார்கள். இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. இங்கிலாந்து வென்றது.

எது ஏற்றது?

இடம் குறைவு, ஆடுபவர் அதிகம், மழையும் அதிகம் என்றால் செயற்கைப் புல் உதவும். தண்ணீரும் பராமரிக்க ஆளும் இருந்தால் இயற்கைப் புல்லே உடம்புக்கு நல்லது. செலவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்தத் தரையில் ஓடி விழுபவர்களையும் கேட்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. செயற்கைப் புல்லின் இரண்டு நன்மைகள், இரண்டு தீமைகள் எவை?
2. வீராங்கனைகள் ஏன் புகார் கொடுத்தார்கள்?
3. உங்கள் ஊரில் விளையாட இடம் உண்டா? பெண் பிள்ளைகளும் அங்கே விளையாடுகிறார்களா?
4. உங்கள் ஊர் மைதானத்தைச் சீர்செய்யக் கேட்டு, ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு எழுதுங்கள்.