களஞ்சியமும் கரங்களும்

வேதபாடம்: லூக்கா 12:13–21



ஆஸ்பத்திரி வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும் நாட்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. மரணத் தறுவாயில் இருக்கும் எவரும் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்டதில்லை. “பெரியவன் வந்துட்டானா ஐயரே?” என்றுதான் கேட்கிறார்கள். சில வேளைகளில் அந்தப் பெரியவன் வருவதில்லை. இரண்டு மா நிலத்துக்காகத் தம்பியோடு பேச்சை நிறுத்தி, வீட்டுப் படியேறியே பல வருஷம் ஆகியிருக்கும்.

நம் வேதபாடமும் இப்படிப்பட்ட ஒரு பாகப்பிரிவினையில்தான் தொடங்குகிறது. சகோதரன் பங்கு கொடுக்கும்படி சொல்ல வேண்டுமென்று ஒருவன் ஆண்டவரிடம் முறையிடுகிறான். அவர் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரித்து, விளைச்சல் மிகுந்த ஐசுவரியவானின் உவமையைச் சொல்லுகிறார். அந்த மனிதன் யாரோடு பேசுகிறான் என்று பாருங்கள். மனைவியோடு அல்ல, அறுத்துக் கொடுத்த கூலியாட்களோடும் அல்ல. தன்னோடு மட்டுமே பேசிக்கொள்கிறான். களஞ்சியம் பெரிதாகிறது, அதைச் சுற்றி ஒரு மனிதரும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு களஞ்சியத்தை நம்முடைய காவிரிப் பகுதியே கண்டிருக்கிறது. காரைக்காலுக்கு வடக்கே சில மைல் தூரத்திலுள்ள தரங்கம்பாடிக்கு 1750-ல் வந்திறங்கியவர் சுவார்ட்ஸ் ஐயர். 1779-ல் அவர் தூது சென்றபோது ஹைதர் அலி வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.

1780-ல் மைசூர் யுத்தம் மூண்டது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் மடிந்தார்கள். வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. ஆனால் விலை கைக்கு வருமென்ற நம்பிக்கை இல்லாததால் ஒருவரும் கொண்டுவரவில்லை. அப்பொழுது சுவார்ட்ஸ் ஐயர், தம் கையாலேயே பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாட்களில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. அரசாங்கத்தின் பணத்தால் வாங்க முடியாததை அவர் சம்பாதித்திருந்த உறவு கொண்டுவந்தது.

1787-ல் துளஜா மன்னர் மரிக்கும் முன் தம் சுவிகாரப் புத்திரன் சரபோஜியை அவர் பாதுகாப்பில் ஒப்படைத்தார். 1798-ல் ஐயர் காலமானார். மன்னரான சரபோஜி அவருக்காகச் செய்வித்த சலவைக்கல் சிற்பத்தை இன்றும் தஞ்சை ஆலயத்தில் காணலாம். அதில் மரணப்படுக்கையில் கிடக்கும் போதகரின் கரத்தைச் சரபோஜி பற்றிக்கொண்டிருக்கிறார்.

பிரியமானவர்களே, நிலமும் பணமும் பாவமல்ல. நீங்கள் அனுப்பும் காணிக்கையும் பொருள்தான். முகம் அறியாத ஒரு நோயாளியோடு அது உங்களைச் சேர்க்கிறது. பொருள் உறவுக்கு ஊழியம் செய்யட்டும். உறவைப் பொருளுக்குப் பலியாக்க வேண்டாம். கட்டிலருகே நின்று கரத்தைப் பிடிக்க பத்திரத்தால் ஆகாது.

தியானிக்க:
1. சொத்தின் நிமித்தம் நான் பேசாமலிருக்கும் இரத்த உறவு யார்?
2. என் வாக்கை நம்பித் தன் பொருளை ஒப்படைக்க எத்தனைபேர் முன்வருவார்கள்?
3. பெரியவனாகிய நான் இன்றைக்கே போகத் தடை என்ன?

ஜெபம்: ஆண்டவரே, பங்கு கேட்டு நீட்டிய எங்கள் கையை, சகோதரனின் கரத்தைப் பற்றிக்கொள்ள நீட்டச் செய்யும். ஆமென்.